யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்?

இளையோருக்கு அரண்மனைக் கதை எழுத வருகிறவர்கள் முதலில் கொண்டுவருவது வாள், மந்திரக் கல், ஒரு வரைபடம். காதல் பிறகுதான் வரும். அந்தக் காதல் இரண்டு பெண்களுக்கிடையிலோ இரண்டு ஆண்களுக்கிடையிலோ என்றால், அதற்கென்று ஒரு அத்தியாயத்தை ஒதுக்கி, இருவரையும் நிலா முற்றத்தில் நிற்கவைத்துப் பேசவிடுவார்கள். சதி ஒரு பக்கம் ஓடும், காதல் இன்னொரு பக்கம் ஓடும். இந்த வகைக் கதைகளை நெடுங்காலம் எழுதியும், புதிதாக எழுதுகிறவர்களின் பிரதிகளைச் செம்மை பார்த்தும் வருகிறவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்வேன். அரண்மனைக் கதையில் இந்த இரண்டும் ஒரே சரடாக இருக்கவேண்டும். காதலை உருவினால் சதி அவிழ்ந்துவிட வேண்டும். அப்படி அவிழாமல் சதி அப்படியே நின்றால், அந்தக் காதல் கதைக்குள் வரவே இல்லை என்று பொருள்.

இதை எனக்குப் பழக்கியவர் ஒரு வார இதழில் தொடர்கதைகளைப் பார்த்துவந்த உதவி ஆசிரியர். நாங்கள் எல்லோரும் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஈய எழுத்துகளைக் கையால் அச்சுக் கோத்த காலத்தில் மெய்ப்புப் பார்ப்பவராக வேலைக்குச் சேர்ந்து, கணினி வந்த பிறகும் அதே மேசையில் இருந்தவர். கதை நன்றாக இருக்கிறது, இல்லை என்றெல்லாம் சொல்லமாட்டார். பிரதியைக் கையில் வாங்கியதும் வசனம் வரும் இடங்களில் மார்ஜினில் பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டே சொல்: “யார் கேட்கிறார்?”

முதலில் எனக்குப் புரியவில்லை. இளவரசி பேசுகிறாள், தோழி கேட்கிறாள், வேறு யார் என்றேன். “ஏம்மா, அரண்மனையில ரெண்டு பேர் மட்டும் இருக்கிற அறை எங்கம்மா இருக்கு? விளக்குக்கு எண்ணெய் ஊத்துறவன் எங்க? விசிறி வீசுறவ எங்க? கதவுக்கு வெளியில நிக்கிறவன் செவிடா?” என்று கேட்டார். பிறகு பழைய கேலி புரூஃப் (நீளத் தாளில் எடுத்த மெய்ப்பு) ஒன்றைத் திருப்பிப் போட்டு, என் கதையின் அந்தப்புரத்தை என்னையே வரையச் சொன்னார். கதவு எந்தப் பக்கம், சாளரம் எந்தப் பக்கம், இரவில் யார் எங்கே படுக்கிறார்கள் என்று கேட்டுக்கேட்டு வாங்கினார். வரைந்து முடித்தபோது, நான் எழுதியிருந்த உரையாடல் அந்த அறையில் நடக்கவே முடியாது என்பது தெரிந்துவிட்டது.

அரண்மனைக் கதையின் மூலப்பொருள் தகவல். பொன்னும் படையும் அதற்கு அடுத்தபடிதான். யாருக்கு என்ன தெரியும், யாரிடமிருந்து தெரிந்தது, அவருக்குத் தெரியும் என்பது வேறு யாருக்குத் தெரியும்? கேலித் தாள் நீளமானது, இந்தக் கணக்குக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தும். இடது ஓரத்தில் நாட்களை மேலிருந்து கீழாக எழுதுவேன். பாத்திரங்களுக்கு ஆளுக்கொரு பத்தி. ஒவ்வொரு அத்தியாயத்துக்குப் பிறகும் அந்தந்தப் பத்தியில் புதிதாக என்ன ஏறியது என்று குறிப்பேன். எதுவும் ஏறாத அத்தியாயம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டத்தான் வேண்டும். இப்போது கேலித் தாள் கிடைப்பதில்லை. நான் சார்ட் பேப்பரை நீளவாக்கில் வெட்டி ஒட்டிக்கொள்கிறேன். கணினியில் கட்டம் போட்டும் செய்யலாம். ஆனால் சுவரில் ஒட்டிய தாளின் முன்னால் நின்று பார்க்கும்போதுதான், அமைச்சருக்கு இந்தச் செய்தி வந்துசேர வழியே இல்லையே என்பது கண்ணில் படுகிறது.

அரண்மனை எப்படி இயங்குகிறது என்பதற்கு மந்திர உலகத்தைத் தேடிப் போகவேண்டியதில்லை. சோழர் செப்பேடுகளை ஊன்றிப் படியுங்கள். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த ராஜராஜனின் ஆணை அவனுடைய 21ஆம் ஆட்சியாண்டில் பிறந்தது. லெய்டன் பெரிய செப்பேடு என்று அதைச் சொல்வார்கள். அரசன் வாயால் சொன்னதைக் கேட்டுக் குறித்தவர்கள், திருமந்திர ஓலை எழுதியவர், அதைச் சரிபார்த்த ஓலைநாயகங்கள், வரிக் கணக்கில் ஏற்றிய அதிகாரிகள் என்று கை மாறிக் கை மாறித்தான் ஒரு சொல் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த வரிசையில் ஒரே ஒரு கை வேறு யாருக்கோ வேலை பார்த்தால் என்ன ஆகும்? உங்கள் கதை அங்கே தொடங்கிவிடும். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் உறவினர் சொத்தைப் பறிமுதல் செய்யச் சொல்கிறது. அதில் குறிப்பிடப்படும் ரவிதாசனுக்கு ‘பஞ்சவன் பிரமாதிராஜன்’ என்ற பட்டம் இருக்கிறது. அரசுப் பட்டம் பெற்றவர்கள், ஒருவேளை உள்ளேயே இருந்தவர்கள், செய்த கொலை அது. கல்கி 1950இல் ‘பொன்னியின் செல்வ’னைத் தொடங்கியபோது எடுத்துக்கொண்ட நூல்முனைகளில் ஒன்று இந்தக் கல்வெட்டு.

அர்த்தசாஸ்திரத்தின் முதல் அதிகரணமும் நல்ல சுரங்கம். அந்தப்புரத்தில் செத்த அரசர்களின் பட்டியல் ஒன்று அதில் வருகிறது. நஞ்சு தடவிய சிலம்பு, சடைக்குள் மறைத்த ஆயுதம், தாயின் கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்த மகன். படித்தால் முதுகு சில்லிடும். ஆனால் எழுதும்போது நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது அந்தச் சிலம்பை அல்ல. அரசன் அவ்வளவு பக்கத்தில் வரவிட்டது யாரை என்ற கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். காதல் கதைக்கும் அதே கேள்விதான் அடிப்படை.

ஒரு பிரதியைப் பிரித்துக் காட்டினால் தெளிவாக இருக்கும். கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கொண்டுவந்த கதை. இளவரசனும் அவனுடைய மெய்க்காப்பாளனும் காதலர்கள். மூன்றாம் அத்தியாயத்தில், ஆளில்லாத கொலுமண்டபத்தில், “நான் உன்னைக் காதலிக்கிறேன்” என்று இளவரசன் சொல்கிறான். அடுத்த அத்தியாயத்தில் விருந்து. உணவில் நஞ்சு. காப்பாளன் ருசி பார்ப்பதால் இளவரசன் தப்புகிறான். ஒவ்வொரு காட்சியும் தனியாக நன்றாகவே இருந்தது. ஒன்றோடொன்று ஒட்டவில்லை. நானும் அவரும் உட்கார்ந்து, கொலுமண்டபக் காட்சியை முழுக்க எடுத்துவிட்டோம். புதிய வடிவில், விருந்தில் நஞ்சு இருக்கலாம் என்ற வதந்தி முன்பே இளவரசன் காதுக்கு வந்திருக்கிறது. ருசி பார்க்கும் கிண்ணம் காப்பாளன் கைக்குப் போகும் நேரத்தில், இளவரசன் கை நீட்டி அதைத் தட்டிவிடுகிறான். தவறிப்போய்த் தட்டியதுபோல் சிரித்தும் வைக்கிறான். சபையில் எல்லோரும் கூடச் சிரிக்கிறார்கள். அமைச்சர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. வழக்கப்படி சாகவேண்டியவன் காப்பாளன், அவனைச் சாகவிட இளவரசனால் முடியவில்லை என்பதை அவர் பார்த்துவிட்டார். இளவரசனை எங்கே பிடித்தால் வலிக்கும் என்பது இனி அவருக்குத் தெரியும்.

காப்பாளனுக்கும் அந்தக் கணத்தில்தான் தெரிகிறது. காதலைச் சொல்லும் காட்சியும் சதிக்காரன் கைக்குச் சாவி போகும் காட்சியும் ஒன்றாகிவிட்டன. “காதலிக்கிறேன்” என்ற சொல்லே இல்லை. அந்தத் தம்பி எழுதி முடித்து நிமிர்ந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். இந்த வேலையில் எனக்குக் கிடைக்கும் கூலி அதுதான்.

அடுத்து, தடை. புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நம் ஊர்க் கட்டுப்பாட்டை அப்படியே தூக்கிக் கற்பனை நாட்டில் வைத்துவிடுகிறார்கள். “இந்த நாட்டில் இது பெரும் குற்றம்” என்று ஒரு வரி. யாருக்குக் குற்றம்? யார் தண்டிக்கிறார்? அதனால் யாருக்கு லாபம்? இவற்றுக்குக் கதையில் விடை இல்லையென்றால் அந்த வரி வெறும் பயம்காட்டல். உங்கள் உலகத்தில் தன்பால் காதல் சாதாரணமாகவே இருக்கலாம். தடை வேறு இடத்திலிருந்து வரட்டும். ஆட்ரி கோல்ட்ஹர்ஸ்ட் 2016இல் எழுதிய ‘ஆஃப் ஃபயர் அண்ட் ஸ்டார்ஸ்’ கதையில், பக்கத்து நாட்டு இளவரசனுக்கு நிச்சயிக்கப்பட்டு வரும் டென்னா, அவனுடைய சகோதரியிடம் மனத்தைக் கொடுக்கிறாள். இருவரும் பெண்கள் என்பது அங்கே சிக்கல் இல்லை. இரண்டு நாடுகளின் உடன்படிக்கை அந்தக் கல்யாணத்தின்மேல் நிற்கிறது, அதுதான் சிக்கல். நீனா வரேலாவின் ‘கிரையர்ஸ் வார்’ (2019) வேறு மாதிரி. குடும்பத்தைப் பறிகொடுத்த ஐலா, பழிவாங்கக் கொலைசெய்யும் எண்ணத்தோடு கிரையருக்குப் பணிப்பெண்ணாகச் சேருகிறாள். குறுக்கே நிற்பது அவள் இடுப்பில் இருக்கும் கத்தி. நடாஷா ஙானின் ‘கேர்ள்ஸ் ஆஃப் பேப்பர் அண்ட் ஃபயர்’ (2018) நாவலில் அரசனுக்கென்று ஆண்டுதோறும் எட்டுப் பெண்களைக் கொண்டுவருவார்கள். அந்த ஆண்டு ஒன்பதாவதாக ஒருத்தி சேர்க்கப்படுகிறாள். அந்தப் பெண்களில் இருவர் காதலிக்கும்போது அரசனின் உடைமை களவுபோகிறது. அந்தக் கதையின் ஆபத்து அங்கிருந்து வருகிறது. மூன்று பேரும் மூன்று விதமாக முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். படிக்கும்போது எந்த இடத்தில் முடிச்சு விழுந்தது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள். தொழில் பழக அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு வேறு எங்கும் கிடைக்காத சில வசதிகள் இருக்கின்றன. தோழி என்ற பாத்திரம் அவற்றில் முதலாவது. அகப்பாடல் காலத்திலிருந்து தலைவிக்காகத் தூது போகிறவள், தலைவனிடம் பேசுகிறவள், தாயிடம் மறைக்கிறவள் அவள். தலைவியின் மனம் அவளுக்குத் தெரிந்த அளவுக்குத் தலைவனுக்கே தெரியாது. அவள் கொண்டுபோகும் செய்தி அவளுக்கே உரியதாக இருந்தால்? என் நாவல் ஒன்று அந்த ஒரு கேள்வியில்தான் முளைத்தது. இரண்டு பெண்கள் ஒரே பாயில் படுத்துப் பேசிக்கொண்டிருந்தால் நம் வீடுகளில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அரண்மனையும் பார்ப்பதில்லை. அந்தக் கண்மூடல் காதலர்களுக்கு நல்ல மறைவிடம். பக்கத்திலேயே இருந்தும் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் துன்பமும் அதில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே எழுதவேண்டும்.

அந்த நாவலில் வெண்ணி என்பவள் ஓலை எழுதுகிற பெண், கோதை இளவரசி. எழுதுவதற்கு முன் நானே கொஞ்சம் பனையோலை வாங்கி, எழுத்தாணியால் கீறிப் பார்த்தேன். கீறியதும் எழுத்து சரியாகத் தெரியாது. கரியோ மையோ தடவித் துடைத்த பிறகுதான் எடுப்பாக வரும். மை தடவாத ஓலையை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால் வரி மெல்லத் தெரியும், விரல் நுனியால் தடவினால் கீறல் தட்டுப்படும். இது கைக்குத் தெரிந்த மறுநாளே என் கதைக்கு வழி பிறந்துவிட்டது. வெண்ணி அரசாணை ஓலையின் ஓரத்தில் மை தடவாமல் ஒரு வரி கீறி அனுப்புவாள். ஓலை பல கைகள் தாண்டி, முத்திரை பார்க்கப்பட்டு, கோதையிடம் வரும். சபையில் எல்லோரும் பார்த்திருக்க, கோதை ஓலையின் ஓரத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டே ஆணையைப் படிக்கச்சொல்லிக் கேட்பாள். சுற்றி அத்தனை பேர் இருந்தும் அந்த வரியைப் படித்தவள் அவள் ஒருத்திதான். ஐயாவின் கேள்விக்கு நான் எழுதிய மிகச் சரியான விடை இது என்று இன்றும் நினைக்கிறேன்.

ஓலை இன்னொன்றும் கொடுத்தது. ஓலையில் புள்ளி வைத்து எழுதும் வழக்கம் இல்லை. குறில் ஒகரத்துக்கும் நெடில் ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டமாட்டார்கள். அதனால் ‘கோல்’ என்பதும் ‘கொல்’ என்பதும் ஓலையில் ஒரே வடிவம். எதைப் படிப்பது என்பது படிக்கிறவர் இடம்பார்த்துத் தீர்மானிப்பது. செங்கோலைப் பற்றிய ஓர் ஆணை எப்படி வேறொன்றாகப் படிக்கப்பட்டது என்பது என் கதையின் நடுப்பகுதி. மந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். உங்கள் கதையில் பூட்டு வந்தால் பழைய பூட்டு ஒன்றைத் திறந்து பாருங்கள். குதிரை வந்தால் குதிரைக்காரரிடம் போய் அரை நாள் நில்லுங்கள்.

வசனத்தில் தாங்கள், நீங்கள், நீ என்ற படிகளைக் காசைப்போல எண்ணிச் செலவழிக்கவேண்டும். வெண்ணி கோதையைப் பல அத்தியாயங்கள் ‘தாங்கள்’ என்றே அழைக்கிறாள், தனிமையில்கூட. கோதைதான் முதலில் கேட்கிறாள், “என்னை ஒரு தடவையாவது நீன்னு சொல்ல மாட்டியா?” என்று. வெண்ணி சொல்வதில்லை. அதன் பிறகு, காய்ச்சலில் கோதை பிதற்றிக்கொண்டிருக்கும் இரவில், மருத்துவச்சி பக்கத்தில் இருப்பதையே மறந்து, “நீ பேசாம படு” என்கிறாள். மருத்துவச்சியின் கை அரைப்பதை நிறுத்துகிறது. முத்தக் காட்சிக்கு நான் எடுத்துக்கொண்டதைவிட அதிக நாள் இந்த ஒரு வரிக்கு எடுத்துக்கொண்டேன். எங்கே வைப்பது என்றே தெரியாமல் நெடுநாள் கையிலேயே வைத்திருந்தேன். அவசரப்பட்டு நாலாம் அத்தியாயத்தில் வைத்திருந்தால் அது சும்மா ஒரு வசனமாகப் போயிருக்கும்.

சின்னச் சின்னப் பழக்கங்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். முக்கியப் பாத்திரங்களின் பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்கக்கூடாது, வேகமாகப் படிக்கும் பிள்ளைகளின் கண் குழம்பிவிடும். பதவிப் பெயர்களை அள்ளிக் கொட்டாதீர்கள். ஓலைநாயகம் என்று எழுதினால், அடுத்த வரியிலேயே அவர் செய்யும் ஒரு வேலையைக் காட்டுங்கள், விளக்கக் குறிப்பு வேண்டாம். எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். அரசர் என்றாலே மேடைநாடகத் தமிழ் வந்துவிடுகிறது. சபையில் அது இருக்கட்டும், சமையற்கட்டில் வேண்டாம்.

ஒரு இடத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். இளவரசிக்கும் பணிப்பெண்ணுக்கும், இளவரசனுக்கும் காப்பாளனுக்கும் காதல் என்று எழுதும்போது, கீழே இருப்பவருக்கு மாட்டேன் என்று சொல்லும் உரிமை உண்மையாகவே இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டேன் என்றால் வேலை போகும், தலை போகும் என்ற நிலையில் அவர் ஆம் என்று சொன்னால், அதைக் காதல் என்று பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது. என் கதையில் வெண்ணி ஒருமுறை மறுக்கிறாள். கோதை அதற்கு எந்த விலையும் கேட்கவில்லை. மறுநாளும் ஓலை எழுத அவளையே கூப்பிடுகிறாள், பழைய மரியாதையோடு. வெண்ணியின் மனம் திரும்புவது அங்கிருந்துதான்.

முடிவைப் பற்றிச் சொல்லி நிறுத்துகிறேன். என்னிடம் வரும் பிரதிகளில் காதலர் இருவரில் ஒருவர் கடைசியில் செத்துப்போவது மிக அதிகம். பட்டத்துக்காக, நாட்டுக்காக, மற்றவரைக் காப்பாற்ற. எழுதுகிறவர்களுக்கு அது கம்பீரமாகத் தெரிகிறது. படிக்கிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள். உச்ச நீதிமன்றம் வயதுவந்தோரின் சம்மதத்தோடான தன்பால் உறவைக் குற்றம் அல்ல என்று சொன்னது 2018 செப்டம்பர் 6 அன்றுதான். வீட்டாருக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனது 2021இல். அந்த வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், விஷயத்தைப் புரிந்துகொள்ளத் தாமே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தார். வெளியே நிலைமை இன்னும் இந்த அளவில்தான் இருக்கிறது. அட்டைக்குச் செய்தித்தாள் உறை போட்டு உங்கள் கதையைப் படிக்கும் பிள்ளை, கடைசி அத்தியாயத்தில் தன்னைப்போன்ற ஒருத்தி உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்கத்தான் பக்கத்தைப் புரட்டுகிறாள்.

சிம்மாசனம் போகட்டும், நாடு ரெண்டாகட்டும், ஒருத்தி கோட்டையை விட்டு ஓடிப்போகட்டும், இருவரும் பிரிந்து பல வருடம் கழித்துச் சந்திக்கட்டும். விலை வாங்காமல் முடிக்கச் சொல்லவில்லை. ஆனால் இருவரையும் உயிரோடு விடுங்கள். அதற்கு வழி தெரியாமல் கதை முட்டிக்கொண்டு நின்றால், நீளத் தாளை மறுபடியும் விரித்து, யாருக்கு என்ன தெரியும் என்ற பத்திகளை முதல் நாளிலிருந்து பாருங்கள். வழி அங்கே எங்காவது இருக்கும். அப்படியும் அகப்படவில்லையென்றால் பிரதியை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள், சேர்ந்து தேடுவோம்.